வீல் நட்டை இறுக்கச் சொன்னால் ஏன் இப்படிக் கொல்றீங்க?

வேலூரில் ஒரு டயர் கடையிலாவது காற்றழுத்தத்தில் நட்டை முறுக்குகிற ஏர் கன்னைக் கீழே வைத்துவிட்டு, வைத்த அளவுக்கு இறுகியதும் 'டிக்' என்று சொல்கிற டார்க் ரெஞ்சைக் கையில் எடுக்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம், எங்கே போனாலும் இதே கதைதான். சக்கரத்தை மாட்டுவார்கள், நட்டை ஏனோதானோவென்று ரெண்டு சுற்று சுற்றுவார்கள், அப்புறம் கன்னை முதல் நட்டில் வைத்து 'டர்ர்ர்' என்று அது கத்தி ஓய்கிறவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்பார்கள். அடுத்தது பக்கத்து நட்டு. அதற்கடுத்து அதன் பக்கத்து நட்டு. வட்டமாக ஒரே வரிசை. சக்கரம் ஹப்பில், அதாவது அது மாட்டப்படுகிற நடுப்பகுதியில், ஒழுங்காகப் போய் உட்கார்ந்ததா, சாய்ந்து நிற்கிறதா, எவனுக்கும் கவலை இல்லை.

"தம்பி, போதும்ப்பா, இவ்ளோ வேணாம்" என்று சொன்னால் வருகிற பதில் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "இன்னா சார், டைட்டா இருந்தா நல்லதுதானே? லூசா வுட்டா சக்கரம் கழண்டு ஓடிடும்."

டைட்டாக இருந்தால் நல்லது கிடையாது. அளவாக இருந்தால்தான் நல்லது. அந்த அளவு ஒன்றும் பரம ரகசியமும் இல்லை. வண்டியோடு கொடுத்த கையேட்டிலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். முறுக்கு விசையை நியூட்டன் மீட்டரில்தான் சொல்வார்கள்: பழைய ஸ்விஃப்டுக்கு 85 நியூட்டன் மீட்டர், டொயோட்டாவில் பல வண்டிகளுக்கு 103, ஹோண்டாவில் 108, ஹூண்டாயின் புது மாடல்களில் 107 முதல் 127 வரை. மாடலுக்கு மாடல் மாறும், அதனால் அவரவர் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பொதுவாக 85லிருந்து 130க்குள் அடங்குகிற சமாச்சாரம் இது. அந்தக் கடையில் தொங்குகிற அரை இஞ்ச் கன்களில் பலவும் 500க்கு மேலேயே அடிக்கக்கூடியவை. இதில் எந்த இடத்தில் நிறுத்துவது என்று அந்தப் பையனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனைத் திட்டி என்ன பயன், கடை முதலாளிக்கே அப்படி ஒரு அளவு இருப்பது தெரியாதே.

இந்தப் பழக்கம் லாரியிலிருந்து வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வட ஆற்காடு முழுக்க நெடுஞ்சாலையை நம்பிப் பிழைத்த மெக்கானிக்குகள், பஞ்சர் கடைகள். லாரி வீல் நட்டுக்கு 600 நியூட்டன் மீட்டரை ஒட்டி வேண்டியிருக்கும், பைப் போட்டு ஏறி நின்றுதான் இறுக்குவார்கள், அங்கே அது நியாயம். பெரிய லாரியில் ஸ்டட், அதாவது நட்டு ஏறுகிற மரை போட்ட கம்பி, 22 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். நம் காரில் இருப்பது பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் ஸ்டட். அதையும் இதையும் ஒரே கையால் முறுக்கினால் எப்படி?

வீட்டிலேயே செய்கிறவர்களும் சளைத்தவர்கள் இல்லை. எங்கள் தெருவிலேயே ஒரு மாமா எல் ஸ்பேனரை நட்டில் மாட்டிவிட்டு அதன் மேல் ஏறி நின்று குதிப்பார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 கிலோ ஆள், நட்டிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, சும்மா நின்றாலே 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டிவிடும். குதித்தால் எவ்வளவு என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். பெருமையாக வேறு சொல்வார், "என் வண்டி நட்டை எவனாலயும் கழட்ட முடியாது"ன்னு. நடுரோட்டில் பஞ்சரானால் அவராலேயும் கழற்ற முடியாது மாமா, அதை யோசித்தாரா?

எனக்கு அதுதான் நடந்தது. பள்ளிகொண்டா டோல் தாண்டி ஆம்பூர் பக்கம் போகும்போது பின் டயர் பஞ்சர். சித்திரை வெயில், என்எச் 48, பக்கத்திலேயே லாரிகள் உரசுகிற மாதிரி பறக்கின்றன, அம்மாவை இறக்கி ரோட்டைவிட்டுத் தள்ளி உட்கார வைத்துவிட்டு ஸ்பேனரைப் போட்டால் ஒரு நட்டும் அசையவில்லை. சில வாரங்களுக்கு முன்னால்தான் வேலூரில் ஒரு கடையில் டயர் மாற்றியிருந்தேன். எவ்வளவு நெம்பியும் ஸ்பேனர் வழுக்கி நட்டின் முனைதான் மழுங்கியது. புண்ணியவான் ஒரு லாரி டிரைவர் அண்ணன் வண்டியை நிறுத்தி, நீளமான பைப்பு ஒன்றை எடுத்து வந்து ஸ்பேனரில் சொருகி நெம்பினார். ரெண்டு நட்டு கிரீச்சென்று கத்திக்கொண்டு கழன்றது. மூன்றாவது கழலவில்லை, ஸ்டட்டே அடியோடு 'டக்'கென்று முறிந்து அவர் கையோடு வந்துவிட்டது. மீதி மூன்று நட்டில் ஸ்டெப்னியை மாட்டி ஆம்பூர் வரை உருட்டிக்கொண்டு போனோம். வழியெல்லாம் அம்மா வாயைத் திறக்கவில்லை, கதவுப் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். ஸ்டட் விலை சொற்பம். பழசைத் தட்டி எடுத்துப் புதுசை ஹப்பில் இழுத்து உட்கார வைக்கிற கூலியும் அரை நாளும் யார் தலையில்? கடைக்காரரிடம் கேட்டதற்கு, "ஸ்டட்டே மட்டம் சார்" என்றார். வயிறு எரியுமா எரியாதா?

ஸ்டட் ஒன்றும் கட்டிப்போட்ட சங்கிலி இல்லை. நட்டை இறுக்கும்போது அது ரப்பர் பேண்டு மாதிரி துளியூண்டு நீள்கிறது, திரும்பச் சுருங்கப் பார்க்கிற அந்த இழுவைதான் சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. வண்டி ஓடும்போது பாரத்தைத் தாங்குவது அந்த அழுத்தத்தால் வருகிற உராய்வுதான். அளவுக்கு மேல் இழுத்தால் ஸ்டட் நீண்டது நீண்டதுதான், திரும்பாது, மரை போய்விடும், இன்னொரு நாள் அதுவாகவே முறியும். அதாவது, எந்தச் சக்கரம் கழன்று ஓடிவிடும் என்று பயந்து இப்படி முறுக்குகிறார்களோ, அந்தச் சக்கரம் கழல்வதற்கு வழி செய்வதே இந்த முறுக்குதான்.

பிரேக் டிஸ்க்கையும் இது விடாது. ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் கம்மி என்று இறுக்கினால் டிஸ்க் லேசாகக் கோணி நிற்கும், போகப் போகத் தேய்மானமும் ஒரே சீராக இருக்காது. ஏலகிரியிலிருந்து இறங்குங்கள், 14 கொண்டை ஊசி வளைவு, பிரேக்கில் காலை வைக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் உதறும். ஒர்க்‌ஷாப்பில் டிஸ்க்கை மாற்றச் சொல்லி ஆயிரக்கணக்கில் பில் போடுவார்கள். வீல் நட்டைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அப்புறம் இந்த எண்ணெய் பைத்தியம். "ஈசியா கழலும்" என்று மரையில் கிரீஸ், இன்ஜின் ஆயில், கையில் கிடைத்ததையெல்லாம் தடவுகிறார்கள். நாம் போடுகிற முறுக்கில் பெரும்பங்கு, ஏறக்குறைய 90 சதவீதம், உராய்வை ஜெயிக்கவே போய்விடுகிறது. எண்ணெய் விட்டால் அந்த உராய்வு குறைந்து, அதே 100 நியூட்டன் மீட்டருக்கு ஸ்டட் கன்னாபின்னாவென்று இழுபடும். கையேட்டில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய, மரை சுத்தமாக, காய்ந்திருக்க வேண்டும். துரு இருந்தால் வயர் பிரஷ். அவ்வளவுதான்.

வீட்டில் செய்ய என்ன பெரிய வித்தை வேண்டியிருக்கிறது? சமதளத்தில் வண்டி, ஹேண்ட் பிரேக், கியரில் போட்டு, எதிர்ப் பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கி போடுவதற்கு முன்பே, டயர் தரையில் இருக்கும்போதே, ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். மாட்டும்போது ஹப்பும் ரிம்மும் ஒட்டுகிற இடத்தில் மண்ணும் துருவும் இருக்கக் கூடாது. நட்டுகளை முதலில் விரலால் ஏற்றுங்கள், ஸ்பேனரால் அல்ல. விரலுக்கே மரை சிக்குகிறது என்றால் கோணலாக ஏறுகிறது, கழற்றி மறுபடி ஏற்றுங்கள். நட்டின் சாய்ந்த பக்கம் ரிம்மைப் பார்த்து இருக்கணும், அதைத் தலைகீழாகப் போட்டு ஓட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், பதறுகிறது. வெளியில் வாங்கிய அலாய் வீல் என்றால் பழைய நட்டு பொருந்துமா என்று கேட்டே ஆகணும். ஹோண்டாவின் சொந்த நட்டு உருண்டை முகம், வெளி அலாய் பெரும்பாலும் கூம்பு முகம் கேட்கும், மாற்றிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

பிறகு குறுக்கே குறுக்கே, எதிரெதிர் நட்டாக, லேசாகப் பிடிக்க வைத்து, டயர் தரையைத் தொட்டுச் சுற்றாமல் நிற்கிற அளவுக்கு இறக்கிவிட்டு, டார்க் ரெஞ்சில் முதலில் பாதி அளவு, அடுத்த சுற்றில் முழு அளவு. மெதுவாக, ஒரே சீராக இழுக்கணும். 'டிக்' என்றதும் நிறுத்தணும். நல்லதுக்கு இருக்கட்டும் என்று இன்னும் ரெண்டு டிக் போட்டால் அந்த ரெஞ்சு வாங்கியதே தண்டம். வேலை முடிந்தால் அளவைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கி வைக்கணும், நட்டைக் கழற்ற அதைத் தொடவே கூடாது. சில ஆயிரம் ரூபாய் சாமான், சீட் கவருக்குச் செலவழிப்பதை விடக் கம்மி. 50லிருந்து 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பார்க்கணும்.

கடையில் டயர் மாற்றிக்கொண்டு வந்து, வீட்டில் ரெஞ்சை வைத்ததும் 'டிக்' கேட்டது, சரியாகத்தான் இறுக்கியிருக்கிறான் என்று நிம்மதியாகப் படுக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லணும். நட்டு 100ல் இருந்தாலும் டிக் வரும், 300ல் இருந்தாலும் அதே டிக்தான் வரும். குறைவாக இல்லை என்பதை மட்டும்தான் அது சொல்லும். அதனால் ஒவ்வொரு நட்டையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தி, மறுபடி அளவோடு வையுங்கள். தளர்த்தவே முடியவில்லையா, வண்டியை நேரே அதே கடைக்கு ஓட்டிப்போய், அவர்கள் கையாலேயே, கன் இல்லாமல் வெறும் ஸ்பேனரால் கழற்றச் சொல்லுங்கள்.