உதயதேவி போயிற்றுதானே?

புனானையிலிருந்து மட்டக்களப்பு வரைக்கும் ரயில் கடவையடியில் நின்று கோச்சி பார்க்கிற சனத்துக்கு, கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் ஓடுகிற உதயதேவி உட்பட, எது எத்தனை மணிக்கு என்பது மனப்பாடம். ஆபத்தே அந்த மனப்பாடம்தான் என்பேன். இது ஒற்றைப் பாதை. எதிரே வருகிறதற்கு ஒரு நிலையத்தில் நின்று வழிவிட வேண்டும். ஒன்று சுணங்கினால் மற்றதும் சுணங்கும். அட்டவணையில் இல்லாத எண்ணெய்க் கோச்சியும் தனி இஞ்சினும் இடையில் வரும். "உதயதேவி போயிற்றுதானே" என்று மோட்டார் சைக்கிளை ஏற்றுகிறவருக்கு இதெல்லாம் கணக்கில் இல்லை.

கண்ணையும் முழுதாக நம்பக்கூடாது. நேரே நம்மை நோக்கி வருகிற கோச்சி பக்கவாட்டில் அசையாது, அதனால் வேகம் பிடிபடாது. இரவில் ஒற்றை வெளிச்சம் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். கிட்ட வந்த பிறகுதான் திடீரெனப் பெருக்கும். காற்று நம் பக்கமிருந்து கோச்சியை நோக்கி வீசினால் ஹோர்னும் பிந்தித்தான் கேட்கும்.

கடவை மணி சும்மா சும்மா அடிக்கிறது என்று திட்டுகிறார்கள். பழுதானால் அடிக்கிற பக்கம் சாயும்படிதான் அதை அமைப்பது. ஆனால் மின்சாரமும் பற்றரியும் இறங்கினால் ஊமையாகிவிடும். ஆகவே அடித்தால் நிற்க வேண்டும். அடிக்காவிட்டாலும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிய உழவு மெசின்தான் பெரிய சிக்கல். மெசினும் பெட்டியுமாக 9 மீற்றர் என்றால், தண்டவாளத்துக்கு 4 மீற்றர் முன்னே நின்று புறப்பட்டு, வால் 4 மீற்றர் தாண்ட, தண்டவாளப் பாதையின் அகலத்தையும் சேர்த்து மொத்தம் 19 மீற்றர் ஓட வேண்டும். மணிக்கு 5 கிலோமீற்றரில் அது 14 விநாடி. அதற்குள் 60 கிலோமீற்றரில் வருகிற கோச்சி 230 மீற்றர் வந்துவிடும். பற்றை மறைத்து 300 மீற்றர் தெரியாத கடவையில் ஒருவர் இறங்கிப் பார்த்துச் சைகை காட்டினால்தான் சரி. சின்ன கியரில் ஏறி, நடுவில் கியர் மாற்றாமல் இறங்க வேண்டும். அந்த இடத்தில்தான் இஞ்சின் நின்றுபோகும்.

மோட்டார் சைக்கிளைத் தண்டவாளத்துக்குச் செங்குத்தாக ஏற்றுங்கள். சரிவாகப் போனால் தண்டவாளத்தை ஒட்டிய பள்ளத்தில் சில்லு மாட்டும், மழையில் வழுக்கும். கோச்சியோடு பாதையைப் பங்குபோட்ட ஓட்டமாவடிப் பழைய பாலத்தில் ஓடியவர்களுக்கு இது புதிதல்ல.

வேடிக்கை பார்க்கிறவர்கள் 3 மீற்றராவது தள்ளி நிற்கவும். கோச்சிப் பெட்டி தண்டவாளத்துக்கு வெளியே அரை மீற்றருக்கு மேல் துருத்தும், மிதிபலகையில் தொங்குகிறவர்கள் வேறு.

வாகனம் சிக்கினால் முதலில் எல்லாரும் இறங்குங்கள். பிறகு ஒருவர் கோச்சி வரக்கூடிய திசைக்கு, தண்டவாளத்தை விட்டு விலகி ஓடிச் சிவப்புத் துணியை ஆட்ட வேண்டும். இரவென்றால் ரோச் லைற். இரும்புச் சில்லு இரும்பில் வழுக்கித்தான் நிற்கும். பிரேக் போட்டபிறகும் பல நூறு மீற்றர் வரும். அதனால் கடவையில் நின்று கையாட்டிப் பிரயோசனமில்லை.