பார்க்காத மெயிலை எதற்கு உள்ளே விட வேண்டும்?

ஸ்பேம் ஃபில்டர் சில மெயில்களை மட்டும் ஏன் தொடுவதே இல்லை என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. எழுதும்போதே வயிறு எரிகிறது.

நெல்லை டவுனில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். மெயிலை வாங்க போஸ்ட்ஃபிக்ஸ், பின்னால் அதைச் சோதித்து ஸ்பேம் புள்ளி போடுகிற ஸ்பேம்அசாசின் ஃபில்டர், சாதாரண ஏற்பாடுதான். போன மாதம் 'பாக்கி பில்' என்று பெரிய படத்தோடு ஒரு மோசடி மெயில் நேராக இன்பாக்ஸுக்கே வந்துவிட்டது. கணக்குப் பார்க்கிற அக்கா நம்பிப் பணம் அனுப்பப் போய், கடைசி நேரத்தில் சந்தேகம் வந்து நிறுத்தியிருக்கிறார். "ஏ தம்பி, ஃபில்டர் போட்டாச்சுன்னு சொன்னியே, பொறவு இது எப்படிடே உள்ள வந்துச்சு?" என்று முதலாளி அண்ணாச்சி கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இத்தனை புள்ளி எட்டினால் ஸ்பேம் என்கிற வரம்பு 5 என்று இருந்ததை 4 ஆக்கினேன். மோசடி மெயில் அப்போதும் வந்தது, ஆனால் தென்காசிக்காரர் ஒருவர் அனுப்பிய உண்மையான ஆர்டர் ஸ்பேமில் போய் விழுந்து, இரண்டு நாள் யாரும் பார்க்காமல் கிடந்து, அவர் சரக்கை வேறு இடத்தில் வாங்கிவிட்டார். ஃபில்டரைச் சோதிப்பதற்கென்றே இருக்கிற ஜிடியூப் வரியை எழுதி எனக்கே அனுப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் 1000 புள்ளி விழுந்து பிடிபட்டது. சரி, ஃபில்டர் ஓடுகிறது, அப்புறம் எது ஓடவில்லை?

கடைசியில் மோசடி மெயிலின் ஹெடரை, அதாவது மெயிலுக்கு மேலே மறைந்திருக்கும் விவர வரிகளைத் திறந்தால், ஃபில்டர் தன் புள்ளியை எழுதி வைக்கிற எக்ஸ்-ஸ்பேம்-ஸ்டேட்டஸ் என்கிற வரியே இல்லை. புள்ளி குறைவாக விழவில்லை, புள்ளியே போடப்படவில்லை! 2023 டிசம்பர் வெள்ளத்தில் குறுக்குத்துறை முருகன் கோவில் மூழ்கிக் கிடந்தபோது எடுத்த 3 எம்பி படத்தை அதே ஜிடியூப் வரியோடு இணைத்து அனுப்பினேன். பத்திரமாக இன்பாக்ஸுக்கு வந்து சேர்ந்தது.

காரணம் ஸ்பேம்சி, மெயிலை ஃபில்டரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிற நிரல். 500 கேபிக்கு மேல் இருந்தால் அது மெயிலைச் சோதனைக்கே அனுப்பாமல் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும், முன்னிருப்பு அமைப்பு அதுதான். இணைப்பு மெயிலில் போகும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடுவதால் 375 கேபி படமே போதும். வேகத்துக்காக ஒரு அளவு வைத்தது எனக்குப் புரிகிறது. ஆனால் பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று மெயில் மேலேயே ஒரு முத்திரை குத்த என்ன கேடு? லாக்கில் ஆயிரம் வரிக்கு நடுவே ஒரு வரி கிடந்தால் கடையில் இருக்கிற அக்காவுக்கு அது எப்படித் தெரியும்?

இதோடு முடியவில்லை. நினைவகம் போதாமல், சோதனையைச் செய்கிற ஸ்பேம்டி என்கிற நிரல் செத்துப்போகிற இரவுகளில் ஸ்பேம்சி மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வருகிற எல்லாவற்றையும் சோதிக்காமலே அனுப்பிவிடுகிறது. காவலாளி மயங்கி விழுந்தால் கதவைப் பூட்டுவார்களா, திறந்து போடுவார்களா?

அளவை 5 எம்பி ஆக்கி, நினைவகமும் கூட்டிவிட்டேன். வரம்பு மறுபடி 5. நேற்று இரவிலிருந்து அந்த ஹெடர் வரி இல்லாத எதுவும் இன்பாக்ஸுக்குப் போகாது, தனி ஃபோல்டருக்குத்தான் போகும். இன்று காலை திறந்து பார்த்தால் அதில் 11 மெயில்.