கம்பம் நட்டவர்களுக்கு

இன்று நவம்பர் 16. கஜா புயலில் சாய்ந்த தென்னந்தோப்புகளின் படங்களைப் போட்டு, "விழுந்தாலும் எழுவோம்" என்று நம் ஊர்ப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். எழுந்தோம்தான். யார் கை கொடுத்து எழுந்தோம் என்பதையும் எழுதுங்கள் என்பதே என் ஆதங்கம்.

2018இல் நள்ளிரவுக்குப் பின் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த புயல், விடிவதற்குள் பேராவூரணியை அடுத்த எங்கள் தோப்பையும் சாய்த்துவிட்டது. எல்லாம் அப்பா நட்ட நெட்டை மரங்கள். அதன் பிறகு பல நாள் அவர் தோப்புப் பக்கமே போகவில்லை. மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் என்றார்கள். அதிலும் 500 ரூபாய் வெட்டி அகற்றும் செலவுக்கு. முப்பது வருடம் சோறு போட்ட மரத்துக்கு அது ஈடாகுமா?

டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்துகிடந்தன. கரண்ட் இல்லாமல் குடிதண்ணீர் ஏது? ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துத் தொட்டியை நிரப்பினோம். வீட்டுக்கு இத்தனை குடம் என்று அளந்து விட்டவர்கள் எங்கள் தெருப் பெண்கள். ஒரு சண்டை வரவில்லை.

பிறகு வெளிமாவட்ட மின் ஊழியர்கள் வந்தார்கள். டெல்டாவுக்குக் கேரளத்திலிருந்தும் வந்தார்கள். மூன்று மாதம் முன்புதான் பெருவெள்ளத்தில் தவித்திருந்த கேரளம்!

எங்கள் ஊருக்கு வந்தவர்கள் பள்ளிக்கூடத் தரையில் படுத்தார்கள். சம்பா வயலுக்குள் லாரி இறங்காது. சிமென்ட் கம்பத்தில் கயிறு கட்டி, முழங்கால் சேற்றில் தோளிலேயே சுமந்தார்கள். எங்கள் பையன்களும் தோள் கொடுத்தார்கள். "சாப்பிட்டுவிட்டு ஏறு தம்பி" என்று அம்மா வரப்பில் சோற்றுப் பாத்திரத்தோடு நிற்பார். விழுந்த மரங்களிலிருந்து இளநீர் வெட்டிக் கொடுத்தோம். எங்களிடம் மிச்சமிருந்தது அதுதான்.

அவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று பின்னர் தெரிந்தது. அடுத்தவர் வீட்டு விளக்குக்காக உயிரைப் பணயம் வைத்துக் கம்பம் ஏறுகிறவருக்கு நிரந்தர வேலை இல்லை என்பதை என் மனம் இன்றும் ஏற்கவில்லை.

எங்கள் தெருவில் விளக்கு எரிந்த இரவு, கம்பத்திலிருந்து இறங்கிய ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்து, "மறுபடி வையுங்கள் ஐயா, காய்க்கும்போது வருகிறேன்" என்றார். மறுநாள்தான் அப்பா தோப்புக்குப் போனார்.

அடுத்த வருடம் வைத்த தென்னம்பிள்ளைகளில் நான்கு இப்போது பாளை விட்டிருக்கின்றன. அந்தத் தம்பியின் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை. முதல் குலையை யாருக்கு அனுப்புவது என்று அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.