குடம்புளிக் கஷாயமும் பத்துக் கிலோவும்

"குடம்புளிக் கஷாயம் குடித்தால் முப்பதே நாளில் 10 கிலோ குறையும், அமெரிக்க விஞ்ஞானிகள் நிரூபித்தது" என்று ஒரு செய்தி பாளையங்கோட்டை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. எனக்கே மூன்று முறை வந்துவிட்டது. அதில் ஒன்று சொந்தச் சித்தி அனுப்பியது.

ஆய்வு நடந்தது உண்மை. முடிவுதான் தலைகீழ். 1998 நவம்பரில் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியானது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து வைத்திருக்கும் பப்மெட் இணையதளத்தில் சுருக்கத்தைப் படிக்கலாம். உடல் பருமனான 135 பேரில் ஒரு சாராருக்குக் குடம்புளியின் ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம், தினம் 1,500 மில்லிகிராம். மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. இரு சாராருக்கும் கலோரி குறைந்த சாப்பாடு. 12 வாரம் கழித்து, குடம்புளிக்காரர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள், வெற்று மாத்திரைக்காரர்கள் 4.1 கிலோ! அந்த வித்தியாசமும் புள்ளியியல் கணக்கில் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை.

மீன் குழம்பில் இரண்டு சுளை கிடப்பதைப் பற்றிப் பேச்சில்லை, தாராளமாகப் போடுங்கள். ஆனால் இதன் சத்தை அடைத்த மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் 'லிவர்டாக்ஸ்' பக்கத்தில் விவரம் இருக்கிறது. சந்தேகம் என்றால் பாளை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள்.

உங்களுக்கு வந்திருந்தால் தயவுசெய்து மேலே அனுப்ப வேண்டாம். சித்தி குழுவிலிருந்து அழித்துவிட்டார். கஷாயத்துக்கு வாங்கிய அரைக் கிலோ புளி மட்டும் அப்படியே இருக்கிறது.