மெமோ அடிக்கும் முன்

ஒருவர் வேலையில் தடுமாறினால், "அவருக்கு அக்கறையே இல்லை" என்பார்கள். இல்லாவிட்டால், "டிரெய்னிங்குக்கு அனுப்புங்கள்" என்பார்கள். இரண்டுமே விசாரணை இல்லாமல் எழுதும் தீர்ப்புகள் என்பது என் கருத்து.

மாத அறிக்கையை எப்போதும் தாமதமாகத் தரும் ஓர் ஊழியரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தால் விஷயம் புரியும். விற்பனைப் பிரிவின் எக்செல் ஃபைல் கெடு நாளன்று மதியம்தான் வந்து சேரும். தேதிகள் வரிக்கு ஒரு விதமாக இருக்கும். அதைச் சரிசெய்வதற்குள் மாலையாகிவிடும். இவரை எக்செல் வகுப்புக்கு அனுப்பி என்ன ஆகப்போகிறது?

தரக் கட்டுப்பாட்டு நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங் தன் வகுப்புகளில் ஒரு சோதனை செய்து காட்டுவார். பெட்டியில் 4,000 மணிகள், அவற்றில் 800 சிவப்பு. 50 குழிகள் உள்ள துடுப்பை உள்ளே விட்டு வெள்ளை மணிகளை மட்டும் எடுக்க வேண்டும். சிவப்பு குறைவாக வந்தவருக்குப் பாராட்டு, அதிகமாக வந்தவருக்குத் திட்டு. எத்தனை முறை திட்டினாலும் சிவப்பு வந்துகொண்டேதான் இருக்கும், பெட்டியில் இருப்பது அதுதானே! எத்தனையோ அலுவலகங்களின் அப்ரைசல் இப்படித்தான் நடக்கிறது.

வேலைத்திறன் குறித்து ஆராய்ந்த தாமஸ் கில்பர்ட், தடுமாற்றத்தின் காரணத்தைத் தேட 1978-லேயே ஒரு வரிசை சொல்லிவிட்டார். முதலில் சூழலைப் பாருங்கள்: என்ன எதிர்பார்க்கிறோம் என்று ஊழியருக்குத் தெரியுமா, கருவிகள் சரியாக இருக்கின்றனவா, நன்றாகச் செய்தால் அவருக்கு என்ன கிடைக்கிறது? அதற்கு அப்புறம்தான் அவருடைய அறிவு, திறமை, ஆர்வம்.

மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. சீக்கிரம் முடிப்பவர் தலையில் இன்னொருவர் வேலையையும் கட்டுகிறோம். இழுத்தடிப்பவர் நேரத்துக்கு வீட்டுக்குப் போகிறார். ஆறு மாதத்தில் வேகமானவரும் மெதுவாகிவிடுகிறார், உடனே "முன்பு போல இல்லை" என்று குறை சொல்கிறோம். மனம் கொதிக்கிறது எனக்கு.

நிஜமாகவே வேலை தெரியாதவர்கள் இருக்கிறார்கள், சரி, அவர்களுக்குப் பயிற்சி வேண்டும். மனமில்லாதவர்களும் உண்டு. ஆனால் நேற்றுவரை நன்றாகச் செய்தவர் இன்று தடுமாறினால், அவருக்கு வேலை மறந்துவிடவில்லை. மென்பொருள் மாறியிருக்கலாம், மேலதிகாரி மாறியிருக்கலாம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். மெமோவில் கையெழுத்துப் போடும் முன் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "என்ன மாறியது?" என்று கேளுங்கள். பதிலை அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.