தொப்புள்கொடியை ஸ்பிரிட்டால் துடைப்பது பற்றி

பிறந்த குழந்தையின் தொப்புளில் எஞ்சியிருக்கும் கொடியை நாள்தோறும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் அது விரைவில் காய்ந்து விழுந்துவிடும் என்று ஒரு கருத்து உண்டு. ஒரு காலத்தில் மருத்துவமனைகளிலேயே இவ்வழக்கம் இருந்ததால் பலர் இதை நம்புவது இயல்புதான். ஆயினும் உண்மை நேர்மாறானது.

கொடியின் அடிப்பகுதியில் தங்கும் சாதாரண நுண்ணுயிரிகளை நோக்கி வரும் வெள்ளை அணுக்களே அதைத் தோலிலிருந்து மெல்லப் பிரிக்கின்றன என்பதால், கிருமிநாசினியைத் தொடர்ந்து தடவும்போது அந்த வேலை தாமதமாகிறது. 1998இல் கனடாவில் ஏறத்தாழ 1,800 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வில், எதுவும் தடவாமல் விட்ட கொடி சராசரியாக 8 நாளிலும், ஸ்பிரிட் தடவியது ஏறக்குறைய 10 நாளிலும் விழுந்தன. வேறுபாடு சிறியதுதான், ஆனால் விரைவுபடுத்தும் என்ற கூற்றுக்கு அதில் இடமில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பேறுகாலத்திற்குப் பிந்தைய பராமரிப்புப் பரிந்துரைகளை அதன் இணையதளத்தில் எவரும் இலவசமாகப் படிக்கலாம். கொடியைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்தால் போதும் என்பதே அதில் உள்ள பொதுவான அறிவுரை. சாணம் போன்றவற்றைத் தடவும் வழக்கம் பரவலாக உள்ள இடங்களுக்கு மட்டும் குளோர்ஹெக்சிடின் மருந்து விதிவிலக்காகச் சொல்லப்படுகிறது. ஆங்கிலத்தில் படிக்க இயலாதவர்கள், வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடமோ குழந்தை மருத்துவரிடமோ இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.