அந்த ஒரு நொடிக்குக் கையை இறக்கக்கூடாதா?

ஒற்றைத் தடத்தில் ரயில்கள் எதிரெதிரே வந்துவிடாமல் காப்பது டோக்கன்; அதை வைத்திருக்கும் ரயில்தான் அந்தத் தடத்தில் போகலாம். பாரம்பரிய ரயில் பாதைகளில், மெதுவாக உருளும் நீராவி இஞ்சினிலிருந்து, கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் கையை நீட்டி, சிக்னல்மேன் தூக்கிப் பிடித்திருக்கும் டோக்கன் வளையத்தை வாங்குவார். ஒரு நொடிகூட ஆகாது. சரியாக அப்போதுதான் யாரோ ஒருவர் செல்போனை உயர்த்திக்கொண்டு குறுக்கே வந்து நிற்பார்! என் படத்தில் வளையம் இருக்காது, அவருடைய முழங்கைதான் இருக்கும். கொஞ்சம் நகரச் சொன்னால், "நானும்தானே டிக்கெட் வாங்கினேன்" என்று பதில் வருகிறது.

பழைய வணிகக் கூடங்களிலும் இதே தொல்லைதான். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் 1779-இல் திறந்த பீஸ் ஹால் மாதிரியான இடங்களின் அழகே தூண் வரிசைதான். கைத்தறித் துணி விற்க 315 அறைகள் கட்டிய இடம் அது. இப்படிப்பட்ட கூடங்களில் தூண் நிழல் நேராக விழும் வேளை பார்த்து நின்றால், தூணுக்கு ஒருவராகச் சாய்ந்து செல்ஃபி எடுக்கிறார்கள். சரி, கட்டடம் எங்கும் ஓடிவிடாது, காத்திருக்கலாம். ரயில் நிற்குமா?

யாரையும் படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டடி பின்னால் நின்றால் அவர்களுக்கும் வளையம் முழுசாகக் கிடைக்குமே!